பாரதக் கூத்திலிருந்து ஒரு படக்கதை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சங்கராபுரம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால், பகலில் பிரசங்கியார், வில்லிபுத்தூராரின் தமிழ் மகாபாரதமான வில்லிபாரதம் சொல்வார். ராத்திரியில் கூத்து இறங்கும். பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று இரவுக்கு ஒரு நாடகம். பதினெட்டாம் போர் முடிந்த காலையில், மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் கிடப்பான். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களை, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பள்ளிக்கூடப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற காட்சிகளாக வெட்டிக் கொடுக்கும் வேலை அது. கிராபிக் நாவல் என்ற படக்கதை நூல் செய்ய வேண்டியதும் அதே வேலைதான்.

இந்தியாவில் அதைப் பெரிய அளவில் செய்து காட்டியது அமர் சித்திரக் கதா என்ற படக்கதை வரிசை. கிரேக்கத் தெய்வங்களைத் தெரிந்து வைத்திருந்த பிள்ளைகள், ராமனின் தாய் யார் என்ற கேள்விக்குத் தொலைக்காட்சிப் போட்டியில் விழித்தார்கள். அதுதான் தூண்டியது என்று அதைத் தொடங்கிய அனந்த் பை சொல்லிவந்தார். 1967-இல் அந்த வரிசை தொடங்கியது. 1985 முதல் 1989 வரை மகாபாரதம் மட்டும் 42 இதழ்களாக வந்தது. கதையாக்கம் கமலா சந்திரகாந்த் உள்ளிட்டோர், ஓவியம் திலீப் கதம். கண்ணகி கதையும் அந்த வரிசையில் உண்டு.

அதன் சாதனை பெரியது. குறையும் பெரியது. நல்லவர்கள் வெளுப்பாகவும் அசுரர்கள் கறுப்பாகவும் வந்ததை ஆய்வாளர்கள் பலர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். கல்வராயன் மலைப் பிள்ளை அந்தப் பக்கங்களில் தன் நிறத்தைத் தேடினால், அது பெரும்பாலும் தோற்கிறவன் பக்கம்தான் கிடைக்கும்.

காவியத்தைக் கட்டங்களாக்கும்போது முதலில் போவது வருணனை. பத்துப் பாட்டில் ஓடும் புலம்பல் ஒரே முகத்தில் அடங்க வேண்டும். ஒரு கட்டத்தில் வில் வளைகிறது, அடுத்ததில் தலை சாய்கிறது. இடையில் அம்பு பாய்ந்ததை வாசிக்கிற பிள்ளையே மனதில் வரைந்துகொள்கிறது. எதை வரையாமல் விடுவது என்பதில்தான் இந்தக் கலையின் பாதி இருக்கிறது. கூத்துக்கு இது பழகிய வித்தை. வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடுவார். கிரீடம் தெரியும், கால் சலங்கை கேட்கும், முகம் மட்டும் உடனே கிடைக்காது. கட்டியங்காரன் ‘யார் நீங்கள்?’ என்று கேட்டு, கதையின் முன்பின்னை எடுத்துக் கொடுப்பான். படக்கதையில் கட்டத்தின் ஓரத்தில் வரும் விளக்க வரிக்கு அவன்தான் மூத்தவன்.

நாட்டார் கலையே கிராபிக் நாவல் ஆன முன்மாதிரி சென்னையில் உண்டு. தாரா புக்ஸ் 2011-இல் ‘சீதாஸ் ராமாயணா’வை வெளியிட்டது. வங்காளத்தில் சுருளை விரித்துக் காட்டிக் கதை பாடும் பட்டுவா மரபைச் சேர்ந்த மொய்னா சித்ரகார் வரைந்த படங்களுக்கு, சம்ஹிதா ஆர்னி சொற்களைத் தந்தார். கதை சீதையின் வாயிலிருந்து வருகிறது. போரில் கணவனை இழந்த அரக்கியரின் துயரமும் அதில் இடம்பெறுகிறது. நியூயார்க் டைம்ஸின் விற்பனைப் பட்டியல் வரைக்கும் அந்தப் புத்தகம் போனது.

இந்த வட்டாரம் அடங்கிய நடுநாட்டில் அப்படி ஒரு நூலுக்குக் கதை தேடி அலைய வேண்டியதில்லை. வில்லிபுத்தூராரை ஆதரித்த வரபதியாட்கொண்டான் இந்த நடுநாட்டுக்காரன். இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டைக்கு அருகே, அர்ச்சுனன் மகன் அரவானைக் கூத்தாண்டவராக வணங்கும் கூவாகம் இருக்கிறது. வடமொழி வியாச பாரதத்தில் அரவான் எட்டாம் நாள் போரில் அலம்புசனால் சாகிறான். தமிழ்ப் பாரதத்தில் போருக்கு முன்பே களப்பலி ஆகிறான். கூத்தாண்டவர் கோயில் வழக்கிலோ, சாகுமுன் மோகினியை மணக்கிறான்; சித்திரைத் திருவிழாவில் திருநங்கைகள் அவனுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து அழுகிறார்கள். மூன்று அரவான்களையும் அடுத்தடுத்த பக்கங்களில் ஒரு பிள்ளை பார்த்தால், காவியம் ஊருக்கு ஊர் மாறி வாழ்கிறது என்பதைத் தனியாகப் பாடம் நடத்த வேண்டாம்.

சிறுவர்களுக்கு இது தகுமா என்று கேட்பவர்கள் உண்டு. துகிலுரிதலையும் களப்பலியையும் இந்த ஊர்ப் பிள்ளைகள் அம்மா மடியில் படுத்தபடியே பார்த்து வளர்கிறார்கள். வயதுக்கு ஏற்ற அளவு இருக்க வேண்டும், உண்மைதான். அதற்காகக் கதையின் வலியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் வேடம்.

அச்சு வசதிக்கும் குறைவில்லை: 1972 முதல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தமிழில் வந்திருக்கிறது. கூத்திடம் கற்கவும் முன்மாதிரி உண்டு: 1977-இல் கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி, கூத்து வாத்தியார் புரிசை கண்ணப்ப தம்பிரானிடமிருந்து கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். படக்கதைக்காரர்களும் கூத்து வாத்தியாரிடம் போய் உட்காரலாம். புஜக்கட்டையின் வளைவையும் அடவின் நிலையையும் அவர் முன்னாலேயே வரைந்து, எந்தக் காட்சி எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அவரிடமே கேட்கலாம். மொய்னா சித்ரகாரின் பெயர் அட்டையில் ஆசிரியர் பெயரோடு சேர்ந்து நிற்பதுபோல, அந்த வாத்தியாரின் பெயரும் அட்டையில் வர வேண்டும். உரிமைத் தொகையிலும் அவருக்குப் பங்கு வேண்டும்.