கதையும் கவிதையும் தரும் ஆங்கிலச் சொற்செல்வம்

மாட்டுப்பட்டி வட்டாரத்துத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு கவலை அடிக்கடி தலைதூக்குகின்றது. பள்ளிப் படிப்பைத் தமிழில் முடித்த பிள்ளை, மேற்படிப்பிற்காக மலையிறங்கிச் சென்றதும் ஆங்கிலப் பாடநூலின் முன் திகைத்து நிற்கின்றது. அறிவிற் குறைவில்லை, சொற்கள்தாம் போதவில்லை. இவ்வொரு காரணத்தால் படிப்பைக் கைவிட்டு வீடு திரும்பும் பிள்ளைகளும் உளர். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து இரயில்வேயில் எழுத்தராய்ப் பணிபுரியும் நாம், பண்டிதர்போல் உபதேசம் செய்ய முன்வரவில்லை. பயனுள்ளதெனக் கண்ட வழியொன்றை அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம்.

அகராதியினின்று நாளொன்றுக்குப் பத்துச் சொற்களை எழுதி நெட்டுருப் போடுவதே பலரும் கையாளும் முறை. காலையில் ஏறிய சொல் மாலையில் இறங்கிவிடுகின்றது. ஊரும் உறவும் இல்லாத சொல் உள்ளத்தில் எங்ஙனம் தங்கும்? நம் பாட்டிமார் எப்பட்டியலை மனப்பாடம் செய்து ‘மஸ்டர்’, ‘பாக்டரி’ என்னும் சொற்களைக் கற்றனர்? நாம் குடியிருக்கும் ‘லயம்’ என்பதும் ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபேயாகும். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு முன்னாளில் ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. தண்டவாளம் போயிற்று, ‘ஸ்டேஷன்’ என்னும் சொல் போகவில்லை. வாழ்க்கையோடு கலந்து வந்த சொல் மறவாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வாழ்க்கையில் நேரே காணக் கிடைக்காத உயர்ந்த சொற்களை, வாழ்க்கைபோலவே காட்டித் தருவன கவிதையும் சிறுகதையும் ஆகும். வேர்ட்ஸ்வொர்த் என்னும் கவிஞர் 1805-இல் எழுதி, 1807-இல் வெளியிட்ட ‘த சாலிட்டரி ரீப்பர்’ என்னும் பாடலைக் கொள்வோம். மலைநாட்டுப் பெண்ணொருத்தி வயலில் தனியே கதிரறுத்துக்கொண்டு பாடுகின்றாள். அவள் பாஷை கவிஞருக்கு விளங்கவில்லை; ஆயினும் அப்பாட்டின் துயரம் அவர் நெஞ்சைத் தொடுகின்றது. மலைச்சரிவில் கொழுந்து கிள்ளும் தாயைக் கண்ட பிள்ளைக்கு இக்காட்சியை விளக்கவும் வேண்டுமோ?

‘சாலிட்டரி’ என்றால் தனித்த என்று பொருள். இதற்கு மூலம் ‘சோலுஸ்’ என்னும் இலத்தீன் சொல். தனிமையைக் குறிக்கும் ‘சாலிட்யூட்’, ஒருவரே பாடும் ‘சோலோ’, ஆளரவமற்ற நிலையைக் குறிக்கும் ‘டெசொலேட்’ யாவும் அக்குடும்பத்துப் பிள்ளைகளே. அப்பாடலில் வரும் ‘மெலங்கலி’ என்னும் சொல் துயரத்தைக் குறிப்பது. அதன் கிரேக்க மூலத்திற்குக் கரும்பித்தம் என்று பொருள். பித்தம் மிகுந்தால் மனம் கலங்கும் என்று நம் வைத்தியர் கூறுவதைக் கேட்டவர்க்கு இச்சொல் அந்நியமாய்த் தோன்றாது. இங்ஙனம் ஒரு பாடலே பத்துச் சொற்களுக்கு வாயிலாகின்றது.

சிறுகதைக்கு ஆர். கே. நாராயணிடம் செல்லலாம். 1947-இல் வெளிவந்த அவரது தொகுதியின் தலைப்புக் கதையில், மரத்தடிச் சோதிடன் ஒருவன் சோழிகளையும் சக்கரம் வரைந்த துணியையும் பரப்புகின்றான். அத்துணியின் சக்கரங்களைக் குறிக்கும் ‘அப்ஸ்க்யூர்’ என்னும் சொல்லுக்குத் தெளிவாய் விளங்காதது என்று பொருள். சோதிடனின் துணியை நினைத்தால் சொல்லும் உடன்வரும். சென்னையிற் பிறந்த இவ்வாசிரியர் கல்லூரி நுழைவுத் தேர்வில் தவறி, ஓராண்டு வீட்டிலிருந்தபடியே படித்தும் எழுதியும் வந்தவர் என்பதைத் தேர்வில் தோற்ற பிள்ளைகள் அறிதல் நலம்.

கற்கும் முறை எளிதே. முதன்முறை அகராதியைத் தொடாது முழுதும் படிக்கவேண்டும். மறுமுறை ஐந்து சொற்களை மட்டும் கோடிட்டு, இடம் நோக்கிப் பொருளை ஊகித்து, அதன்பின் அகராதியைப் பார்க்கவேண்டும். பின்னர் அச்சொல்லை வைத்துத் தம் வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதவேண்டும். இரவில் அக்கதையைத் தாய்க்குத் தமிழில் சொல்லவேண்டும். தமிழில் சொல்ல வராத இடம் நன்கு விளங்காத இடமென்று கொள்க. ஓர் எச்சரிக்கை: பழம் பாடல்களில் வரும் வழக்கொழிந்த சொற்களின் பொருளை அறிந்தால் போதும், விண்ணப்பங்களில் அவற்றை எழுதலாகாது.

நூலுக்குப் பணமில்லையே என வருந்த வேண்டா. பி. என். பணிக்கர் 1945-இல் தொடங்கிய நூலக இயக்கத்தின் பயனாய்க் கேரளத்தில் ஊர்தோறும் வாசகசாலைகள் கிளைத்தன. அண்மையிலுள்ள வாசகசாலைக்குப் பிள்ளைகளைப் பெற்றோர் அழைத்துச் செல்லல் வேண்டும்.

ஆங்கிலம் வரவேண்டுமெனில் தமிழை விடவேண்டும் என்பார் சிலர். ‘ஷெல்லிதாசன்’ என்று ஆங்கிலக் கவியின் பெயரைப் புனைபெயராய்ச் சூடிய பாரதியார் தமிழை விட்டாரோ? எட்வின் ஆர்னால்டின் ஆங்கிலக் காவியத்தைத் தழுவி ‘ஆசிய ஜோதி’ தந்த கவிமணியும் விட்டாரில்லை. தமிழ் வேரூன்றிய உள்ளத்தில் பிறமொழியும் தழைக்கும். வாரம் ஒரு கதை, மாதம் ஒரு கவிதை என இந்த மாதமே நம் இல்லங்களில் தொடங்குவோமாக.