மார்த்தினீக் தீவில் ஒரு பகற்பொழுது

கரீபியன் கடலில் உல்லாசக் கப்பலேறிப் பிரயாணம் செய்கிறவர்களுக்கு ஒவ்வொரு துறைமுகத்திலும் வாய்ப்பது பெரும்பாலும் ஒரே ஒரு பகற்பொழுதுதான். காலையில் கரையை அணையும் கப்பல், சூரியன் அஸ்தமிக்கும் வேளையில் கட்டவிழ்த்துப் புறப்பட்டுவிடும். அந்தச் சொற்ப அவகாசத்துக்கென்று கப்பல் கம்பெனி அச்சிட்டுக் கொடுக்கும் கரைச் சுற்றுலாப் பட்டியலோ நீளமானது. படகு சவாரி, கடலடியில் மீன் பார்த்தல், மணற்கரையில் சாய்வு நாற்காலி, கடைவீதி உலா என்று எல்லாத் துறைமுகத்துக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரியாக அமைந்திருப்பது. எந்தத் தீவிலும் கிடைக்கக்கூடியதை எந்தத் தீவிலாவது அனுபவித்துக்கொள்ளலாம். வேறெங்கும் கிடைக்காதது எதுவோ அதைத் தேடிப் பிடித்து, அந்த ஒன்றுக்கே அந்தப் பகலை அர்ப்பணம் செய்வதுதான் உசிதம் என்பது என் திடமான அபிப்பிராயம். இதற்கு உதாரணமாக மார்த்தினீக் தீவை எடுத்துக்கொள்கிறேன்.

மார்த்தினீக் ஒரு தனி நாடன்று; 1946இல் பிரான்ஸ் தேசத்தின் ஒரு மாவட்டமாக்கப்பட்டு, இன்றும் அந்தத் தேசத்தின் பகுதியாகவே இருந்து வருவது. ஆகையால் அங்கே செலாவணி யூரோ. கடைப்பலகைகளும் வழிகாட்டிப் பலகைகளும் பிரெஞ்சில். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. தலைநகரான ஃபோர்-தெ-ஃபிரான்ஸில் கப்பல்கள் நிற்கும் இடங்களுள் ஒன்றான புவாந்த் சிமோன் நகரத்தின் நடுவிலேயே இருப்பதால், சவான் பூங்காவையும், அதன் ஓரத்தில் இரும்பாலும் கண்ணாடியாலும் எழுப்பப்பட்டு 1893இல் திறக்கப்பட்ட ஷெல்ஷேர் நூலகத்தையும் காலாற நடந்தே பார்த்துவிடலாம். இதற்கென்று சுற்றுலாச் சீட்டு வாங்குவது வீண் செலவு. கடலில் குளிக்க மட்டும் ஆசைப்படுகிறவர்களுக்கும் சீட்டு வேண்டியதில்லை. விரிகுடாவைக் கடந்து எதிர்க்கரையான த்ருவா-ஸிலேவுக்கு உள்ளூர் ஜனங்கள் போய்வரும் படகுகளே போதும்.

பணம் கொடுத்து, நேரம் கொடுத்துப் பார்க்கவேண்டிய இடம் வடக்கே இருக்கிறது. கடலோரமாகச் செல்லும் சாலையில் சுமார் முப்பது கிலோமீட்டர் போனால், பெலே எரிமலையின் அடிவாரத்தில் சேன்-பியேர் என்ற சிறு பட்டணம் வரும். இன்று சாதாரணமாகத் தோன்றும் இவ்வூர், ஒரு காலத்தில் வர்த்தகத்தாலும் நாடகசாலையாலும் நாகரிக வாழ்வாலும் கரீபியன் தீவுகளின் பாரிஸ் என்று பிரசித்தி பெற்று விளங்கிய மாநகரம். 1902ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மலை சாம்பலைக் கக்கத் தொடங்கிற்று. மே 5ஆம் தேதி மலையிலிருந்து இறங்கிய சேற்று வெள்ளம் கடலோரத்துச் சர்க்கரை ஆலையொன்றை மூடிப் புதைத்தது. அப்பொழுதும் நகரம் காலி செய்யப்படவில்லை. மாறாக, மலையடிவாரத்துக் கிராமவாசிகள் அபயம் தேடி நகரத்துக்குள்ளேயே வந்து குவிந்தார்கள். மே 8, கிறிஸ்து விண்ணேறிய திருநாளன்று காலை எட்டு மணி சுமாருக்கு, மலையின் பக்கவாட்டிலிருந்து வெடித்துக் கிளம்பிய கொதிக்கும் வாயுவும் சாம்பலும் சேர்ந்த மேகம் சரிவோடு பாய்ந்து வந்து, சில நிமிஷங்களுக்குள் அந்த நகரத்தையும், துறைமுகத்தில் நின்ற கப்பல்களையும், ஏறத்தாழ இருபத்தெட்டாயிரம் ஜீவன்களையும் நாசமாக்கிவிட்டது. எரிமலை என்றால் நெருப்புக் குழம்பு மெல்ல வழிந்து வருவது என்றே எண்ணியிருந்த உலகத்துக்கு, அக்கினி மேகம் ஒன்று அதைவிடக் கொடியது என்று உணர்த்தியது இந்தச் சம்பவம்தான். இங்கே வந்து ஆராய்ந்த பிரெஞ்சு விஞ்ஞானி ஆல்ஃப்ரெத் லக்ருவாவின் நூலிலிருந்து எரிமலை சாஸ்திரத்தில் ஒரு புதிய அத்தியாயம் ஆரம்பமாயிற்று.

அந்த நாடகசாலையின் படிக்கட்டுகளும் அஸ்திவாரமும் இன்றும் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கின்றன. அதை அடுத்துக் கீழே, கனத்த கற்சுவர்களைக் கொண்ட ஒரு சிறைக்கூடம் இருக்கிறது. அதற்குள் தனிமையில் அடைபட்டிருந்த சில்பாரிஸ் என்ற கைதி, உடம்பெல்லாம் வெந்த நிலையிலும் உயிரோடு மீட்கப்பட்டு, பிற்காலத்தில் அமெரிக்க சர்க்கஸ் கம்பெனியொன்றோடு ஊர் ஊராகச் சென்றான். தண்டனையாக விதிக்கப்பட்ட அந்த இருட்டறையே அவனுக்கு ரட்சையாக அமைந்ததை அந்தச் சுவரின் அருகில் நின்று நினைக்கும்போது மனம் கலங்காமலிராது. சற்றுத் தொலைவிலுள்ள நினைவு மண்டபம், உருகி உருக்குலைந்த தேவாலய மணியையும் மற்றப் பொருள்களையும் பாதுகாத்து வைத்திருக்கிறது. பெலே மலையும் வடபகுதிக் காடுகளும் 2023இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டன. திரும்பும்போது வந்த வழியே திரும்பாமல், மோர்ன்-ரூஜ் வழியாக மழைக்காட்டை ஊடுருவிச் செல்லும் த்ராஸ் சாலையில் வந்தால், பலாத்தாவின் தாவரத் தோட்டத்தையும் பார்த்துவிடலாம்.

தமிழ்ப் பிரயாணிக்கு இத்தீவில் இன்னொரு விசேஷமும் உண்டு. 1848இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய முதலாளிகள், புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரத் தலைப்பட்டார்கள். 1853இல் 'ஒரேலி' என்ற கப்பலில் முதல் தொகுதியினர் வந்து இறங்கினர். அதற்குப் பிந்திய முப்பதாண்டுகளில் ஏறத்தாழ இருபத்தையாயிரம் பேர் வந்தனர். அவர்களில் மிகப் பலர் தமிழர். அவர்களுடைய சந்ததியாருக்குப் பேச்சில் தமிழ் அற்றுப்போய்விட்டது; ஆனால் மாரியம்மனும் மதுரைவீரனும், கடலில் காத்தருளிய நாகூர் ஆண்டவரும் அவர்களுடைய வழிபாட்டில் மறையவில்லை. வடகோடியிலுள்ள பாஸ்-புவாந்த்தில் இவர்களுடைய கோயிலொன்று இருக்கிறது. மொழி போன பின்பும் தெய்வங்களைக் கைவிடாத அந்த ஜனங்களை எண்ணி நான் பெருமைப்படுகிறேன். கோயிலைப் பார்க்கச் செல்கிறவர்கள், அது வேடிக்கைக்குரிய ஸ்தலமன்று என்பதை மறவாமல், அங்குள்ளவர்களிடம் அனுமதி கேட்டே உள்ளே போகவேண்டும்.

ஆனால் சேன்-பியேரையும் பாஸ்-புவாந்த்தையும் ஒரே நாளில் பார்க்க முயல்வது, கப்பல் நெடுநேரம் தங்கினாலொழிய விவேகமாகாது. மலைச்சாலைகள் வளைந்து வளைந்து செல்பவை. தலைநகரை நெருங்கும்போது மாலை வேளையில் வாகனங்கள் ஊர்ந்துதான் நகரும்.

கம்பெனியின் மூலமே போவதா, தனியாக டாக்ஸி அமர்த்துவதா என்று கேட்கிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். கம்பெனி ஏற்பாடு செய்த பேருந்து தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகப் போனவர் தாமதித்தால் காத்திராது, அடுத்த துறைமுகத்துக்கு அவர் தம் சொந்தச் செலவிலேயே போய்ச் சேரவேண்டும். ஆயினும், நாலைந்து பேர் சேர்ந்து ஒரு காரை அமர்த்திக்கொண்டால் செலவு குறைவதோடு, விரும்பிய இடத்தில் விரும்பிய மட்டும் நின்று பார்க்கும் சுதந்திரமும் கிடைக்கிறது. பேருந்தில் போனவர்களுக்கு அந்த நாடகசாலைப் படிகளில் உட்காரக்கூட அவகாசம் இராது. ஆகையால் நான் காரையே சிபாரிசு செய்வேன். வாடகையை ஏறுமுன்பே பேசி முடித்துக்கொண்டு, கப்பலேறவேண்டிய நேரத்துக்கு இரண்டு மணி முன்னதாகத் துறைமுகத்தில் இருக்கும்படி ஓட்டுநரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த நேரத்தையும் கப்பல் கடிகாரப்படியே கணக்கிடுங்கள். குளிர்காலத்தில் புளோரிடாவிலிருந்து வரும் கப்பல்களில் கடிகாரத்தை மாற்றாமல் விட்டிருந்தால், மார்த்தினீக்கின் நேரம் அதைவிட ஒரு மணி முந்தியிருக்கும்.