அக்காவோட கழுத்தும் நாற்பது எக்ஸ் லென்ஸும்

இந்த எபிசோட் எங்க அக்காவோட கழுத்து வலியில ஆரம்பிச்சது. எனக்கு ஊர் கடியப்பட்டணம். அக்கா பக்கத்துல ஒரு சின்ன லேப்ல டெக்னீஷியன். சாயங்காலம் வந்ததும் கழுத்துல தைலம் தேய்ச்சுக்கிட்டு உட்காருவா. "கண்ணு இல்ல மக்கா, கழுத்துதான் போவுது"ன்னு ஒருநாள் சொன்னா. மைக்ராஸ்கோப்னா கண்ணுக்குத்தான் வேலைன்னு நான் நினைச்சிட்டிருந்தேன்.

ஒரு கணக்கு பாருங்க. காசநோய்க்கு சளி ஸ்லைடு பார்க்கும்போது, கிருமி இல்லைன்னு எழுதறதுக்கு முன்னாடி குறைஞ்சது 100 இடங்களைப் பார்த்திருக்கணும். ஒரு நாளைக்கு 20 ஸ்லைடுன்னா, 2,000 இடம். ஒவ்வொண்ணுலயும் ஃபோகஸ் திருகணும். மதியத்துக்கு மேல கழுத்து கெஞ்ச ஆரம்பிக்கும்போது 100 இடம் 60 ஆனா? தப்பிப்போன கிருமி யாரோ ஒருத்தர் வீட்டுக்குத் திரும்பப் போகுது.

இப்போ லென்ஸுக்கு வருவோம். ஸ்லைடுக்கு நேர் மேல இருக்கிறதுதான் ஆப்ஜெக்டிவ். வழக்கமா நாலு இருக்கும். சிவப்பு வளையம் 4 எக்ஸ், மஞ்சள் 10, இளநீலம் 40, வெள்ளை 100. பெருக்கம் கூடக்கூட லென்ஸ் ஸ்லைடை நெருங்கும். 100 எக்ஸ்ல இடைவெளி ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒண்ணு, ரெண்டு பங்குதான். அதனால நல்ல லென்ஸ்ல முனைக்குள்ள ஸ்பிரிங் வச்சிருப்பாங்க. இடிச்சா உள்ள போயிடும். நான் காலேஜ்ல ஸ்பிரிங் இல்லாத ஒரு பழைய 40 எக்ஸால ஸ்லைடை நொறுக்கி வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக் கதை.

40 எக்ஸ்தான் உண்மையில வம்பு பிடிச்சது. அது 0.17 மில்லிமீட்டர் தடிமனுள்ள கவர் கண்ணாடிக்காக வடிவமைச்சது. கண்ணாடி கொஞ்சம் தடிச்சாலோ மெலிஞ்சாலோ படம் மங்கும். 1837-லயே லண்டன்ல ஆண்ட்ரூ ராஸ்ங்கிற கருவி செய்யறவர் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சார். லென்ஸ் உடம்புலயே ஒரு வளையம். அதைத் திருகினா உள்ளே இருக்கிற கண்ணாடிகளோட இடைவெளி மாறி, பிழை சரியாகும். கரெக்‌ஷன் காலர்னு இன்னிக்கும் பேரு.

ஆனா அந்த வளையத்தைத் திருகற கையை யோசிங்க. கண்ணு ஐபீஸ்ல. ஒரு கை வளையத்துல, இன்னொண்ணு ஃபோகஸ்ல, ஏன்னா வளையம் திரும்பினா ஃபோகஸும் நகரும். விரல் ஸ்லைடைத் தட்டினா பார்த்த இடமே தொலைஞ்சது. அதான் விலை கூடின ஆராய்ச்சிக் கருவிகள்ல இதை மோட்டார்கிட்ட விட்டுட்டாங்க.

அக்கா லேப்ல அந்த வளையம் கிடையாது. ரத்த ஸ்லைடு 40 எக்ஸ்ல எப்பவும் மங்கல். லென்ஸ்ல பூஞ்சைன்னு நினைச்சு புதுசு வாங்கவே கிளம்பிட்டாங்க. நம்ம உப்புக் காத்துல யாருக்கும் அந்தச் சந்தேகம்தான் முதல்ல வரும். ஆனா விஷயம் வேற. ரத்த ஸ்லைடுக்கு மேல கவர் கண்ணாடியே போடல! ஒரு சொட்டு எண்ணெய் விட்டு கவர் கண்ணாடி வச்சதும் படம் தெளிஞ்சுது. இதுல ஒண்ணு கவனிக்கணும். மங்கலா தெரியும்போது நாம நம்மளை அறியாம முன்னாடி குனியறோம். கழுத்து வலியில ஒரு பங்கு அங்க இருந்து வந்ததுன்னு எனக்குத் தோணுது.

வடிவமைப்பு நிறைய மாறியிருக்கு. முன்னாடி லென்ஸ்கள் நம்மைப் பார்த்து நீட்டிக்கிட்டிருக்கும். இப்போ பல கருவிகள்ல பின்பக்கம் திரும்பியிருக்கு, ஸ்லைடு வைக்கிற கைக்கு இடம் கிடைக்குது. ஃபோகஸ் குமிழ் கீழ இறங்கிடுச்சு, முழங்கையை மேசையில வச்சுக்கலாம். 1897-ல செகந்திராபாத்ல ரொனால்ட் ராஸ், கொசுவுக்குள்ள மலேரியாக் கிருமியைத் தேடினப்போ, அவரோட வேர்வையிலயே கருவியோட திருகுகள் துருப்பிடிச்சுப் போச்சாம். மிச்சம் இருந்த ஒரே ஐபீஸும் விரிசல். (இவர் வேற ராஸ், குழப்பிக்காதீங்க.)

நாங்க வீட்டுல பண்ண வைத்தியத்தையும் சொல்லிடறேன். ஐபீஸ் உயரம் பத்தலைன்னு, அப்பாவோட பழைய வள்ளத்துப் பலகையை அறுத்து மைக்ராஸ்கோப்புக்கு அடியில வச்சோம். கழுத்து நேராச்சு. ஆனா குமிழும் சேர்ந்து மேல போனதால கை அந்தரத்துல தொங்குது, இப்போ தோள் வலிக்குதுங்கறா. மிச்சப் பலகையில முழங்கைக்கு ரெண்டு துண்டு அறுத்து வச்சிருக்கேன், நாளைக்குக் கொண்டுபோறா.