உறக்கத்தை உண்டாக்கும் நரம்புகள்

மனித உடலின் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் ஓய்ந்திருக்கையில் செலவாகும் ஆற்றலில் 20 விழுக்காட்டைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது. ஆழ்ந்த உறக்கத்தில் இச்செலவு ஓரளவு குறைந்தாலும், கனவு காணும் வேளையில் விழிப்புநிலைக்கு நெருக்கமாக மீண்டும் உயர்ந்துவிடுகிறது. ஆகவே மூளை வேலையை நிறுத்திக்கொள்ளும் நேரமே உறக்கம் என்னும் பொதுவான எண்ணம் பொருந்தாது. நரம்பு மண்டலம் தானே முனைந்து உண்டாக்கும் நிலை அது.

நரம்பு மண்டலத்தின் அமைப்பு

மூளையும் தண்டுவடமும் மைய நரம்பு மண்டலம் எனப்படும். அவற்றிலிருந்து கிளைத்து உடலெங்கும் பரவும் நரம்புகள் புற நரம்பு மண்டலத்தைச் சேரும். மூளையில் மட்டும் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒரு நரம்பணுவின் நீண்ட இழை வழியே மின்துடிப்பாகச் செல்லும் செய்தி, அதன் முனையில் வேதிப்பொருளாக மாறி, நரம்பிணைப்பு எனப்படும் நுண்ணிய இடைவெளியைக் கடந்து அடுத்த அணுவை அடைகிறது.

தூக்க நோய் காட்டிய வழி

உறக்கத்திற்கென மூளையில் தனியிடம் உண்டு என்பதை ஒரு கொடிய நோயே முதலில் உணர்த்தியது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவில் பரவிய மூளை அழற்சியை 1917-ல் விவரித்த வியன்னா மருத்துவர் கான்ஸ்டன்டின் வான் எகனாமோ, இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தபோது, இடைவிடாது உறங்கிக் கிடந்தவர்களுக்கு ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதியின் பின்புறமும், உறக்கமே இன்றித் தவித்தவர்களுக்கு அதன் முன்புறமும் சிதைந்திருக்கக் கண்டார். பின்புறம் விழிப்பையும் முன்புறம் உறக்கத்தையும் நடத்துகின்றன என்று அவர் கொண்ட முடிவைப் பிற்கால ஆய்வுகள் பெரிதும் உறுதிசெய்தன. நோயாளியின் நடத்தையையும் சிதைவின் இடத்தையும் மட்டுமே கொண்டு, இன்றைய கருவிகள் ஏதுமற்ற காலத்தில் எட்டப்பட்ட இம்முடிவு வியக்கத்தக்கது.

தூக்கம் வருவது எவ்வாறு?

விழித்திருக்கும் நேரம் நீள நீள, மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்ந்து, விழிப்பைக் காக்கும் நரம்பணுக்களை மெல்ல அடக்குகிறது. காபியிலும் தேநீரிலும் உள்ள கஃபீன், அடினோசின் சென்று பற்றவேண்டிய இடங்களைத் தான் பிடித்துக்கொள்வதால், சேர்ந்த களைப்பு நீங்காமலே அதன் உணர்வு மட்டும் மறைகிறது. கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே பெரும்பாலோர்க்கு ஐந்து மணி நேரம் ஆவதால், மாலை ஆறு மணிக் காபியின் பாதி இரவு பதினொரு மணிக்கும் உடலில் இருக்கும்.

இதனோடு சேர்ந்து இயங்குவது உடற்கடிகாரம். ஹைப்போதலாமஸில் உள்ள ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களின் தொகுதியான இது, கண்ணின் விழித்திரையிலிருந்து வரும் ஒளிச்செய்தியைக் கொண்டு பகலிரவை அறிந்து, இருட்டியபின் மெலட்டோனின் என்னும் உறக்க இயக்குநீர் சுரக்க வழிசெய்கிறது. படுக்கையில் கைப்பேசியின் ஒளி கண்ணில் படும்போது அச்சுரப்பு தள்ளிப்போகக்கூடும். காலை வெயிலோ கடிகாரத்தைச் சரியான நேரத்திற்குத் திருப்புகிறது.

உறங்கும் மூளையின் பணி

மனிதர் ஏன் உறங்குகின்றனர் என்பதற்கு ஒற்றை விடை இல்லை. பகலில் கற்றவை நிலைபெறுவதற்கு உறக்கம் தேவை என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. இரவு முழுதும் கண்விழித்துப் படித்துவிட்டுத் தேர்வெழுதச் செல்லும் மாணவர் இழப்பது இதைத்தான். மூளையின் கழிவுகள் உறக்கத்தில் விரைவாக அகற்றப்படுவதாக 2013-ல் எலிகளில் நடந்த ஆய்வு கூறியது. 2024-ல் வெளியான மற்றோர் எலி ஆய்வு அதற்கு மாறான முடிவைத் தந்ததால், அதைத் தீர்ந்த உண்மையாகக் கொள்வது முறையன்று. வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்குக் குறைந்தது 7 மணி நேர உறக்கம் வேண்டும் என்பதில் மருத்துவர்களிடையே பரந்த உடன்பாடு உண்டு.

குறட்டையும் மூச்சுத் தடையும்

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்வது இயல்பு. சிலர்க்கு அத்தளர்ச்சி மூச்சுப்பாதையையே அடைத்துவிடுகிறது. குறட்டை சட்டென நின்று, பத்து நொடியோ அதற்கும் மேலோ மூச்சற்று, பின் திணறலோடு மூச்சு திரும்பும். ஒவ்வொரு தடையின்போதும் மூளை அவரை நொடிப்பொழுது எழுப்பிவிடுவதால், இரவெல்லாம் படுத்திருந்தும் பகலில் கண்ணயர்வும் காலைத் தலைவலியும் தொடர்கின்றன. இரத்த அழுத்தமும் உயர்கிறது. காலையில் நோயாளிக்கு இது நினைவில் இராது என்பதால், அருகில் படுத்திருப்பவர் கண்டதை மருத்துவரிடம் கூறுவது இன்றியமையாதது. இரவு உறக்கப் பரிசோதனையால் இதனை உறுதிசெய்யலாம். உடல் எடையைக் குறைத்தும், முகமூடி வழியே காற்றழுத்தம் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்துவைத்தும் இதனைக் கட்டுக்குள் கொண்டுவரலாம்.