புறவழிச்சாலையும் குடியானவர் வண்டியும்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் புதிய சாலைகளால் நேர்ந்த மாறுதல்கள்

விளைந்த பண்டம் களத்தை விட்டுச் சந்தையைச் சேரும் வரையில் சாகுபடி முடிந்ததாகாது. நல்ல விதையிட்டு, காலத்தில் எருவிட்டு எடுத்த மகசூலும் வழியில் தாமதப்பட்டால் எடை குறைந்து விலை இழக்கிறது. ஆகவே சாலையைப் பற்றிய விஷயம் மராமத்து இலாகாவை மட்டும் சார்ந்ததன்று. நிலமுடையோர் ஒவ்வொருவரையும் சார்ந்ததாகும்.

சேலத்திற்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் இடையேயுள்ள தேசிய நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் கள்ளக்குறிச்சி. முன்பு 68 என்னும் எண்ணால் வழங்கிய இச்சாலை இப்பொழுது 79 என்னும் எண்ணைப் பெற்றுள்ளது. மேற்கு ஜில்லாக்களிலிருந்து சென்னைக்குச் செல்லும் லாரிகளும் பஸ்களும் முற்காலத்தில் இவ்வூர்க் கடைத்தெரு வழியாகவே சென்று வந்தன. சந்தைக்கு வந்த மாட்டு வண்டிகளும் அதே தெருவில் நிற்க வேண்டியிருந்தது. சுமார் 136 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தச் சாலை நான்கு தடமாக விரிக்கப்பட்டபோது, கள்ளக்குறிச்சி, சின்னசேலம், தியாகதுருகம் முதலிய ஊர்களுக்குப் புறவழிச்சாலைகள் அமைக்கப்பட்டன.

நகரில் கண்ட பலன்

தொலைதூர லாரிகள் ஊருக்குள் வருவது குறைந்தது கடைத்தெருவிற்குப் பெரிய ஆறுதலே. ஆயினும் நெரிசல் முற்றிலும் ஒழிந்ததென்று கூற இயலாது. 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி கள்ளக்குறிச்சி விழுப்புரத்தினின்று பிரிந்து தனி ஜில்லாவாயிற்று. கச்சேரி காரியங்களுக்காக வருவோர் பெருகினர். மோட்டார் சைக்கிள்களும் பெருகின. புறவழிச்சாலை, ஊரைக் கடந்து செல்பவரை மட்டுமே விலக்கும். ஊரை நாடி வருபவரை விலக்காது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு மக்காச்சோளமும் மணிலாவும் ஏற்றி வருவோர் இந்த இரண்டாம் வகையினரேயாவர்.

அபாயம் இடம் மாறியது

பழைய நாளில் கடைத்தெருவிலிருந்த அபாயம் இப்பொழுது ஊரின் எல்லைக்கு நகர்ந்திருக்கிறது. கிராமப் பாதைகள் நெடுஞ்சாலையைச் சந்திக்கும் கூட்டுரோடுகளே இன்று கவனிக்க வேண்டிய இடங்கள். இந்த நெடுஞ்சாலையில் புறவழிப் பகுதிகள் முதலில் இரு தடமாகவே போடப்பட்டன. நான்கு தடத்தில் வேகமாக வந்த வண்டிகள் எதிர்வண்டிகள் வரும் குறுகிய பகுதியில் அதே வேகத்துடன் நுழைந்ததால் பல விபத்துகள் நேர்ந்து உயிர்கள் மாண்டன. அதன் பின்னரே அப்பகுதிகளையும் நான்கு தடமாக்கும் வேலை எடுத்துக்கொள்ளப்பட்டது.

சாலை அகலமானால் மட்டும் குடியானவருக்குக் கவலை தீர்ந்துவிடாது. பாரமேற்றிய டிராக்டர் ஒன்று மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் 10 மீட்டர் அகலமுள்ள சாலையைக் கடப்பதாகக் கொள்வோம். டிராக்டரும் டிரெயிலரும் சேர்ந்து சுமார் 10 மீட்டர் நீளமிருக்கும். முன் சக்கரம் சாலையில் ஏறியது முதல் பின் சக்கரம் இறங்கும் வரை 20 மீட்டர் நகர வேண்டும். இதற்கு 14 வினாடிகள் ஆகும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு வினாடிக்கு 22 மீட்டர் செல்கிறது. ஆகவே அந்த 14 வினாடிகளில் அது 300 மீட்டருக்கும் மேல் வந்துவிடும். இரு பக்கமும் 300 மீட்டருக்கு அப்பால் வரையில் வண்டியில்லையென்று கண்டறியாமல் பாரவண்டியைச் சாலையில் ஏற்றலாகாது என்பது இதனால் விளங்கும். நான்கு தடச் சாலையில் நடுத்திட்டின் இடைவெளியில் நின்று கொள்ளலாமென்று நினைப்பதும் தவறு. நீண்ட டிரெயிலரின் பின்பாகம் தடத்திலேயே நீட்டிக்கொண்டிருக்கும்.

இரவில் அபாயம் இன்னும் அதிகம். டிரெயிலரின் பின்புறம் சிவப்பு ஒளிபிரதிபலிப்பான் தகடுகள் இல்லாவிட்டாலும், கரும்பின் தோகை அவற்றை மறைத்துவிட்டாலும், பின்னால் வருபவர் கண்ணுக்கு வண்டி தெரியாது. மாட்டு வண்டியின் பின்சட்டத்திலும் இரு தகடுகளை அறைந்து வைத்தல் அவசியம். அதற்காகும் செலவு ஒரு ஜோடி மாட்டின் விலைக்கும் ஒரு மனிதனின் உயிருக்கும் முன்னே ஒரு பொருட்டன்று.

கரும்பும் கிழங்கும்

இவ்வட்டாரத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. வெட்டிய கரும்பை 24 மணி நேரத்திற்குள் ஆலையில் பிழிவது உத்தமம். தாமதித்தால் கரும்பு வற்றி எடை குறைவதுடன், அதிலுள்ள சர்க்கரைச் சத்தும் உருமாறிச் சிதைகிறது. எடைக் குறைவால் குடியானவரும், சத்துக் குறைவால் ஆலையும் நஷ்டமடைய நேரிடும். எனவே வெட்டு உத்தரவு கிடைத்த பிறகு வண்டி அமர்த்துவதைத் தள்ளிப்போடாமல், வண்டி நிச்சயமான பின்னரே அரிவாளை எடுப்பது நன்று.

மரவள்ளிக் கிழங்கு இதைக் காட்டிலும் பொறுமையற்ற பண்டம். தோண்டிய இரண்டு மூன்று நாட்களில் கிழங்கின் உள்ளே நீலக்கறுப்பான கோடுகள் தோன்றிக் கெடத் தொடங்கும். ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் மாவுச்சத்தின் பாயிண்டைப் பார்த்தே விலை கூறுவதால், வழியில் கழிந்த ஒவ்வொரு நாளும் விலையில் தெரியும். ஆத்தூர், சேலம் பக்கத்து ஆலைகளுக்கு நல்ல சாலை கிடைத்தது கிழங்கு பயிரிடுவோருக்கு நேரான லாபமாகும்.

மலையில் சாலை

இந்த லாபம் கல்வராயன் மலைக்கு இன்னும் முழுமையாக எட்டவில்லை. பெரும்பாலும் 2000 முதல் 3000 அடி வரை உயரமுள்ள இம்மலையில் மலையாளி என்னும் பழங்குடியினர் சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு, கடுக்காய், தேன் முதலியவற்றையும் சேகரித்து வாழ்கின்றனர். நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆதீனத்திலிருந்த இம்மலை 1976-ஆம் ஆண்டில்தான் சர்க்காரின் நேரான நிர்வாகத்திற்கு வந்தது. சமவெளி ஊர்கள் முன்னமே பெற்ற வசதிகள் இங்கே பிந்தி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இப்பொழுது வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு தனித் தாலுகா உள்ளது. 2024-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் மலைவாசிகளின் அடிப்படை வசதிகளைக் குறித்துத் தானாகவே வழக்கெடுத்து விசாரித்தபோது, சாலைக் குறைவும் அதில் இடம்பெற்றது.

வண்டி செல்லாத சிற்றூரில் கிழங்கைத் தலைச்சுமையாகக் கொண்டுவர வேண்டும். அக்கூலி விலையில் ஒரு பாகத்தைத் தின்றுவிடுகிறது. இருக்கும் இடத்திலேயே விற்பவர் வியாபாரி கூறும் விலையை ஏற்பதன்றி வேறு வழி அறியார். மழைக்காலத்தில் நோயாளியையும் தூக்கிக்கொண்டே இறங்க வேண்டியிருக்கிறது.

காட்டு நிலத்தின் ஊடே பாதை போடுவது இயலாத காரியமென்று கிராமங்களில் நினைப்பதுண்டு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. கிராம சபை சிபாரிசு செய்யுமாயின், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேற்படாமல் வெட்டும் நிபந்தனையுடன், சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி முதலியவற்றிற்காக விடுவிக்கலாம். கிராம உத்தியோகஸ்தர்கள் இதைச் சபையில் எடுத்துக் கூறி, தீர்மானத்தை முறைப்படி எழுதி அனுப்புவது மலைவாசிகளுக்குச் செய்யும் பேருதவியாகும்.

சாலை களமன்று

அறுவடைக் காலத்தில் மக்காச்சோளத்தையும் உளுந்தையும் தார்ச்சாலையில் பரப்பிக் காய வைக்கும் வழக்கம் பல இடங்களில் பரவியுள்ளது. சக்கரம் ஏறித் தானியம் உடைகிறது. மண்ணும் எண்ணெய்க் கசிவும் கலக்கின்றன. இவற்றால் விலை குறைகிறது. இதனினும் கொடியது, தானியத்தைக் காக்க ஓரத்தில் அடுக்கும் கற்கள். இருட்டில் வரும் மோட்டார் சைக்கிள்காரர் அவற்றில் மோதியோ, மணிகளில் சறுக்கியோ விழுந்து உயிரிழக்கிறார். அவர் பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஊர்க்காரராகவே இருப்பார். ஊருக்கு ஒரு சிமெண்டு உலர்களம் கேட்டுப் பெறுவதும், அதுவரையில் தார்ப்பாய் விரித்துச் சொந்த நிலத்தில் உலர்த்துவதுமே தக்க முறை.

நீரும் வண்டிப்பாதையும்

மேடிட்டுப் போடும் சாலை, குறுக்கே வரும் மழைநீருக்கு ஓர் அணையாகும். அதன் கீழுள்ள மதகுகள் தூர்ந்தால் ஒருபுறத்து வயல் மூழ்கும். மறுபுறத்து ஏரி வற்றும். ஐப்பசி மழைக்கு முன் ஆயக்கட்டுதாரர்கள் ஒன்றுகூடி மதகுகளைப் பார்வையிட்டு, தூர்ந்தவற்றைப் பற்றிச் சாலை இலாகாவிற்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

புறவழிச்சாலையின் ஓரத்து நிலங்கள் மனைகளாகப் பிரிந்து விலைபோகும் காலம் இது. முன்நிலம் விற்பனையானால் பின்நிலத்திற்கு ஏரும் வண்டியும் செல்லும் வழி அடைபடக்கூடும். விற்கும் முன்பே வழியுரிமையைப் பத்திரத்தில் குறித்துக்கொள்வது வழக்குகளைத் தவிர்க்கும். புலப்படத்தில் கண்ட வண்டிப்பாதைப் புறம்போக்கை ஆக்கிரமிப்பின்றிக் காப்பது கிராம உத்தியோகஸ்தர்களின் கடமை. அப்பாதைகள் இருந்தால் டிராக்டர்கள் நெடுஞ்சாலையைத் தொடாமலே ஒரு கூட்டுரோடு வரை சென்று, நல்ல இடத்தில் கடக்கலாம்.

விபத்து நேர்ந்தால் சாட்சி சொல்ல அலைய வேண்டுமென்று அஞ்சி விலகி நிற்பது கூடாது. 2019-ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134-ஏ பிரிவின்படி, காயமுற்றவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுபவர் மீது வழக்குத் தொடர இயலாது. தம் பெயரைக் கூறும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. 108-ஐ அழைப்பது ஒவ்வொருவரும் செய்யத்தக்கதே.

வரும் கரும்பு வெட்டுக்கு முன் ஒவ்வொரு கிராமத்தாரும் தங்கள் கூட்டுரோட்டை ஒருமுறை நேரில் சென்று பார்ப்பார்களாக. பார்வையை மறைக்கும் வேலிக்கருவைப் புதரை வெட்டுவதும், விளக்கில்லாத இடத்திற்கு விளக்குக் கோரி மனுச் செய்வதும், வண்டிகளுக்குத் தகடு அறைவதும் ஓரிரு நாள் வேலையே. விளைச்சல் மட்டுமன்றி, அதை ஏற்றிச் சென்றவரும் பத்திரமாக வீடு திரும்பும்போதுதான் புதிய சாலையின் முழுப் பலனும் கைக்கு வந்ததாகும்.