விளையாட்டும் மருந்தாகுமோ?

"எப்பொழுது பார்த்தாலும் அந்த விளையாட்டுதானா?" என்று வீட்டில் வசை வாங்காத மாணவியர் நம்மில் எத்தனை பேர்? வீடியோ விளையாட்டு என்றாலே கண்ணுக்குக் கேடு, படிப்புக்குப் பகை என்பது பெரியோர் தீர்ப்பு. அதில் நியாயம் இல்லாமலில்லை. கட்டுக்கடங்காமல் விளையாடும் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனமே 2019-இல் நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆயினும் அதே விளையாட்டை மருத்துவமனைக்குள் கொண்டு சென்று, நோயாளியின் கையில் கொடுத்துப் பார்த்த அறிஞர்களும் உண்டு. அவர்கள் கண்டதென்ன?

1984-ஆம் ஆண்டு மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்ற கணிப்பொறி வல்லுநர் 'டெட்ரிஸ்' என்னும் விளையாட்டை உருவாக்கினார். நான்கு நான்கு சதுரங்கள் ஒட்டிய கட்டைகள் மேலிருந்து விழும். அவற்றைத் திருப்பித் திருப்பி இடைவெளியின்றி அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிரம்பினால் அது மறைந்துவிடும். அவ்வளவுதான், கதையில்லை, சண்டையில்லை. ஆனால் நெடுநேரம் ஆடிவிட்டுக் கண்ணை மூடினாலும் கட்டைகள் விழுந்துகொண்டேயிருக்கும்! ஆடியவர்களுக்குத் தெரியும்.

இந்தத் தொல்லையில்தான் நன்மையும் ஒளிந்திருக்கிறது. கொடிய விபத்தில் சிக்கி உயிர் பிழைத்தவர்களைப் பிறகும் வாட்டுவது எது? நொறுங்கிய கண்ணாடி, எதிரே பாய்ந்து வந்த விளக்கொளி போன்ற காட்சிகள், அழையாமலே மனக்கண்ணில் வந்து நிற்பதுதான். உண்ணும்போதும் வரும், உறங்கப் போகும்போதும் வரும். ஆனால் மனக்கண் ஒரே நேரத்தில் இரண்டு காட்சிகளைத் தெளிவாகத் தாங்காது. மேலும், புதிய நினைவு மூளையில் கெட்டிப்படச் சில மணி நேரமாகும். புதிதாகப் பூசிய சிமெண்டுத் தரை போல அதுவரை அது இளகியே இருக்கும். அந்த நேரத்திற்குள் மனக்கண்ணுக்கு வேறு வேலை கொடுத்தால் என்ன?

ஆக்ஸ்போர்டில் எமிலி ஹோம்ஸ் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்து 2009-இல் வெளியிட்டனர். நாற்பது பேருக்கு விபத்தும் காயமும் நிறைந்த 12 நிமிடப் படம் ஒன்றைக் காட்டினர். அரை மணி நேரம் கழித்துப் பாதிப் பேர் பத்து நிமிடம் டெட்ரிஸ் ஆடினர். அடுத்த ஒரு வாரத்தில் அவர்களுக்கு அக்காட்சிகள் தாமாக வந்தது குறைவு. வியப்பென்னவென்றால், படத்தைப் பற்றிக் கேட்டபோது அவர்களும் மற்றவர்களைப் போலவே சரியாக விடையளித்தனர். படம் மறக்கவில்லை, படம் துரத்துவதுதான் குறைந்தது. வெறுமனே கவனத்தைத் திருப்பினால் போதுமே என்று நாம் நினைக்கலாம். வினாடி வினாவை வைத்துச் சோதித்தபோது துரத்தல் குறையவில்லை. ஒரு சோதனையில் கூடவே செய்தது! வினாடி வினாவுக்குச் சொற்கள் வேண்டும், மனக்கண் வேண்டாம்.

பிறகு உண்மையான நோயாளிகள். சாலை விபத்தில் சிக்கி ஆக்ஸ்போர்டு ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்த 71 பேரிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. விபத்து நடந்த ஆறு மணி நேரத்திற்குள், அதன் கொடிய கணங்களைச் சற்றே நினைவுகூரச் செய்து, பிறகு இருபது நிமிடம் டெட்ரிஸ் ஆட வைத்தனர். அந்த வாரத்தில் அவர்களைத் துரத்திய காட்சிகள், ஆடாதவர்களைவிட 62 விழுக்காடு குறைவு. ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில், அவசர அறுவையால் பிள்ளை பெற்ற தாய்மார் 56 பேரிடமும் இம்முறையைச் சோதித்தனர். பதினைந்து நிமிட ஆட்டம் அவர்களுக்கும் முதல் வாரத்தில் ஆறுதல் தந்தது.

இவை சிறிய ஆய்வுகள். ஒரு வாரக் கணக்கு. நாள்பட்ட மனநோய்க்கு இதுவே மருந்து என்று யாரும் சொல்லவில்லை, நாமும் சொல்ல மாட்டோம். அறையைத் தாளிட்டுக்கொண்டு விடிய விடிய ஆடுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நடத்தையை மாற்றிய விளையாட்டும் ஒன்றுண்டு. புற்றுநோய் கண்ட இளைஞர்கள் வீட்டில் மாத்திரையை ஒழுங்காக விழுங்குவதில்லை என்பது மருத்துவர்களின் பெருங்கவலை. இதற்காக 2006-இல் அமெரிக்காவில் வெளியானது 'ரீ-மிஷன்'. ராக்ஸி என்னும் சின்னஞ்சிறு இயந்திரப் பெண் உடலுக்குள் பறந்து, மருந்தையே ஆயுதமாக்கிப் புற்று அணுக்களைச் சுடுவாள். 34 மருத்துவமனைகளில் 13 முதல் 29 வயது வரையிலான 375 நோயாளிகளிடம் இதைச் சோதித்து, 2008-இல் முடிவை வெளியிட்டனர். சிலருக்குச் சாதாரண விளையாட்டு மட்டும் தரப்பட்டது. மற்றவர்களுக்கு அதனுடன் ரீ-மிஷனும். ராக்ஸியோடு பறந்தவர்களே மாத்திரையை அதிக ஒழுங்காக உட்கொண்டனர். விழுங்கிய மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது என்பதை அவர்கள் தம் கண்ணாலேயே பார்த்திருந்தார்கள் அல்லவா?