மின்னஞ்சல் சர்வர்: நிறுவுவதும் பராமரிப்பதும்

மின்னஞ்சல் சர்வருக்கு வேலை இரண்டு. தன் டொமைன் பெயருக்கு வரும் அஞ்சல்களை வாங்கி உரியவர் பெட்டியில் சேர்க்க வேண்டும். தன் பயனர்கள் எழுதும் அஞ்சல்களை வெளி சர்வர்களிடம் ஒப்படைக்க வேண்டும். சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விதிமுறைக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். ஜான் போஸ்டல் 1982இல் எழுதிய அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை.

லினக்ஸ் கணினியில் இப்பணிக்கு இரண்டு இலவச மென்பொருள்கள் பரவலாகப் பயன்படுகின்றன. அஞ்சலை வாங்குவதும் அனுப்புவதும் போஸ்ட்ஃபிக்ஸ், ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் வீட்சே வெனிமா உருவாக்கி 1998இல் வெளியிட்டது. வந்து சேர்ந்த அஞ்சலைப் பயனரின் கைபேசிக்கும் கணினிக்கும் காட்டுவது டவ்காட். பின்லாந்தைச் சேர்ந்த டிமோ சிரைனன் எழுதியது.

மென்பொருளை நிறுவும் முன் முகவரி வேலைகளை முடிக்க வேண்டும். சர்வருக்கு மாறாத ஐ.பி. எண் தேவை. டொமைனுக்குரிய அஞ்சலை எந்த சர்வரிடம் கொடுப்பது என்பதை டொமைன் பெயர்களின் விவரங்களைத் தரும் டி.என்.எஸ். அமைப்பில் உள்ள எம்.எக்ஸ். பதிவு சொல்லும். ஐ.பி. எண்ணிலிருந்து சர்வரின் பெயரைக் கண்டறிய உதவுவது பி.டி.ஆர். பதிவு; இது இல்லாத சர்வரிடமிருந்து வரும் அஞ்சலைப் பல பெரிய சேவைகள் ஏற்பதில்லை. சர்வர்கள் ஒன்றோடொன்று பேசுவது போர்ட் 25 வழியாக. வீட்டு இணைய இணைப்புகளிலும் சில கிளவுட் சேவைகளிலும் இந்த வழி அடைக்கப்பட்டிருக்கும் என்பதால், சர்வருக்கான இடத்தை வாடகைக்கு எடுக்கும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

போஸ்ட்ஃபிக்ஸை நிறுவியபின் அதன் அமைப்புக் கோப்பில் முதலில் கவனிக்க வேண்டியது, யாருடைய அஞ்சலை வெளியே அனுப்பலாம் என்பது. யார் எதைக் கொடுத்தாலும் வாங்கி எங்கும் அனுப்பும் சர்வருக்கு ‘ஓப்பன் ரிலே’ என்று பெயர். குப்பை அஞ்சல் அனுப்புவோர் இத்தகைய சர்வர்களைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே, வெளியிலிருந்து போர்ட் 25இல் வருவோரிடம் சொந்த டொமைனுக்கான அஞ்சலை மட்டும் வாங்க வேண்டும். பயனர்கள் அஞ்சல் அனுப்பப் போர்ட் 587 அல்லது 465 உண்டு. அங்கே கடவுச்சொல்லும் மறையாக்கமும் கட்டாயமாக இருக்க வேண்டும். மறையாக்கத்துக்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாகத் தருகிறது. அது 90 நாளுக்கு மேல் செல்லாது என்பதால் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு வேண்டும்.

அடுத்தது நம்பகத்தன்மை. உறையின் பின்புறம் யார் பெயரையும் எழுதி அனுப்ப முடிவதுபோல, எஸ்.எம்.டி.பி.யிலும் அனுப்புநர் பெயரை எவரும் பொய்யாகச் சொல்லலாம். இதைத் தடுக்க மூன்று ஏற்பாடுகள் வந்தன. இந்த டொமைன் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்த ஐ.பி. எண்களுக்கு உரிமை உண்டு என்று அறிவிப்பது எஸ்.பி.எஃப். ஒவ்வோர் அஞ்சலிலும் மின்கையொப்பம் இடுவது டி.கே.ஐ.எம். பயனர் கண்ணில் படும் அனுப்புநர் முகவரி இவற்றில் ஒன்றோடாவது பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். தொடக்கத்தில் டிமார்க்கைக் கண்காணிப்பு நிலையில் வைத்து, வந்து சேரும் அறிக்கைகளைப் பார்த்துவிட்டு, பிறகு நிராகரிக்கும் நிலைக்கு உயர்த்துவதே வழக்கம். 2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5,000 அஞ்சல்களுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோருக்கு இம்மூன்றையும் கூகுள் கட்டாயமாக்கியது.

உள்ளே வரும் குப்பையையும் வடிகட்ட வேண்டும். ஸ்பேம்ஹவுஸ் போன்ற அமைப்புகளின் கறுப்புப் பட்டியலில் உள்ள ஐ.பி. எண்களை வாசலிலேயே தடுக்கலாம். அதைத் தாண்டி வருவதை ஆர்ஸ்பேம்டி போன்ற மென்பொருள் மதிப்பெண் போட்டுப் பிரிக்கும்.

இதன்பின் தொடங்கும் பராமரிப்புக்கு முடிவில்லை. தினமும் பார்க்க வேண்டியவை இரண்டு: சர்வரின் செயல்களைக் குறித்துவைக்கும் பதிவேடும், அனுப்பக் காத்திருக்கும் அஞ்சல்களின் வரிசையும். பதிவேட்டில் 4இல் தொடங்கும் குறியெண் தற்காலிக மறுப்பு. சர்வர் மறுபடி முயலும். 5இல் தொடங்குவது நிரந்தர மறுப்பு. அஞ்சல் அனுப்பியவரிடமே திரும்பும். தற்காலிகமாக மறுக்கப்பட்ட அஞ்சலைப் போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக 5 நாள் வரிசையில் வைத்து முயலும். திடீரென வரிசை ஆயிரக்கணக்கில் நீண்டால், பெரும்பாலும் ஒரு பயனரின் கடவுச்சொல் திருடுபோய் அவர் கணக்கிலிருந்து குப்பை கிளம்புகிறது என்று பொருள். அந்தக் கணக்கை உடனே முடக்கி, வரிசையைச் சுத்தம் செய்ய வேண்டும். தாமதித்தால் சர்வரின் ஐ.பி. எண்ணே கறுப்புப் பட்டியலில் ஏறிவிடும். அதன்பின் எல்லாப் பயனர்களின் அஞ்சலும் மறுக்கப்படும். ஒரு கணக்கு ஒரு மணி நேரத்தில் இத்தனை அஞ்சல்தான் அனுப்பலாம் என்று முன்பே வரம்பு வைத்தால் சேதம் குறையும்.

வட்டு நிறைந்தால் அஞ்சல் வருவது நின்றுவிடும் என்பதால் இட அளவையும் கண்காணிக்க வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப்போடக் கூடாது. காப்புப் பிரதி வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். அதிலிருந்து அஞ்சல்களை மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதித்துப் பார்க்கவும் வேண்டும். புகார்கள் வரும் ‘போஸ்ட்மாஸ்டர்’ முகவரி ஒவ்வொரு டொமைனிலும் இயங்க வேண்டும் என்பது எஸ்.எம்.டி.பி. விதி, அதை ஒருவர் படிக்கவும் வேண்டும்.

அஞ்சல்கள் தன் கையிலேயே இருக்க வேண்டும் என்று விரும்பும் நிறுவனத்துக்குச் சொந்த சர்வர் பொருத்தமானது. அதற்குப் பதிவேட்டை நாள்தோறும் பார்க்கும் ஆள் ஒருவர் வேண்டும். அப்படி ஆள் இல்லாத இடத்தில், கட்டணம் செலுத்தி வெளிச் சேவையை வாங்குவதே விவேகம்.